கூட வந்த ஒருத்தன்

பிரகாசம் வாத்தியார் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் கோயமுத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி, சுப்பண்ணன் வீட்டைத் தாண்டி, நேரே பாலுசாமி வீட்டுக்குப் போனார். போகிற போக்கில் ஒரு கும்பிடு போட்டார், அவ்வளவுதான். கும்பிடு யாருக்கு வேண்டும்? சுப்பண்ணனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

வாத்தியார் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி ஜெர்மன் சண்டைக்குப் போய், ஈராக்கில் பஸ்ரா பக்கம் செத்துப்போனான். எப்படிச் செத்தான் என்று சொல்ல ஆளில்லை. அதனால், அங்கே போய்த் திரும்பியவர்கள் கண்ணை மூடுவதற்குள் அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று இந்த 1936-இல் கிளம்பியிருந்தார். கிணத்துக்கடவில் விசாரித்ததில் பாலுசாமி பெயர்தான் கிடைத்தது. பாலுசாமிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டார்கள். சாகக் கிடக்கிறவனிடம் முதலில் கேட்பது நியாயம்தான். ஆனால் நியாயம் வேறு, வயிற்றெரிச்சல் வேறு.

ஏனென்றால் அந்தச் சண்டைக்குப் போனது சுப்பண்ணனும் சேர்ந்து இரண்டு பேர். ஒரே நாளில் கைநாட்டு வைத்து, ஒரே கப்பலில் ஏறி, பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டினார்கள். கூட் என்ற ஊரில் துருக்கிக்காரன் வளைத்துக்கொண்டபோது ஐந்து மாதம் ஒரே பள்ளத்தில் கிடந்தார்கள். பிடிபட்டதும் சேர்ந்துதான், திரும்பியதும் சேர்ந்துதான். பதினேழு வருஷமாக ஊரில் அதைக் கேட்க நாதியில்லை. இப்போது கேட்க ஒரு மனிதர் வந்தால், அவர் பாலுசாமி கட்டிலருகே போய் உட்காருகிறார்.

அன்று மாட்டைத் தேடுகிற சாக்கில் சுப்பண்ணன் பாலுசாமி வீட்டுப் பின்சுவரை ஒட்டி நின்று காது கொடுத்தார்.

"எங்களைப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போறப்ப, காய்ச்சல்ல நான் உளுந்துட்டேனுங்க. நின்னா துருக்கிக்காரன் சுட்டுப்போடுவான். கூட வந்த ஒருத்தன் என்னை ரெண்டு நாளு முதுகுல தூக்கிட்டு நடந்தானுங்க" என்று இருமலுக்கு நடுவே பாலுசாமி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருத்தனாம்! அந்த முதுகு சுப்பண்ணனுடையது. இன்றைக்கும் குனிந்தால் வலிக்கிற முதுகு. பேரைச் சொன்னால் வாய் வெந்தா போய்விடும்?

வீட்டுக்கு வந்து மனைவி வள்ளியாத்தாளிடம் பொரிந்து தள்ளினார். "அவனுக்குப் பொறாமை. நோட்டுல என்ற பேரு வந்தரக் கூடாதுன்னு பாக்கறான்."

யாருக்குப் பொறாமை என்று வள்ளியாத்தாளுக்குத் தெரியும், சொல்லவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழமை நம்ம புள்ளையப் பாக்க ஆனைமலைக்காரங்க வாராங்க. அதுவரைக்கும் சித்த சும்மா இருங்க" என்றாள்.

ஆனைமலைக்காரர்கள் வந்தார்கள். மகள் சாமியாத்தாளைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையின் பெரியப்பா நாலெழுத்துப் படித்தவர். வெற்றிலை மடித்துக்கொண்டே, தைக்குள் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து, பாலுசாமி வீட்டிலிருந்து திரும்பிய வாத்தியார் வாசலைக் கடந்தார்.

சுப்பண்ணனால் பொறுக்க முடியவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் தன் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல வேளை எப்போது வாய்க்கும்? "ஏனுங்க வாத்தியாரே, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "பாலுசாமி எங்கெங்க ஒருத்தன் ஒருத்தன்னு சொன்னானோ, அந்த ஒருத்தன் நானுங்க. படிங்க, இவங்களும் கேக்கட்டும்."

வாத்தியாரின் முகம் மாறியது. "இன்னைக்கு வேண்டாமுங்க. இன்னொரு நாள் நாம தனியா உக்காரலாம்."

இவரும் மறைக்கிறார் என்றுதான் சுப்பண்ணனுக்குத் தோன்றியது. நோட்டை அவர் அக்குளிலிருந்து உருவிப் பெரியப்பாவிடம் நீட்டினார். "நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

பெரியப்பா அன்று எழுதியிருந்த பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"அரிசி, மாவு எல்லாம் தீர்ந்துவிட்டது. நாங்கள் ஓட்டிப்போன கழுதைகளையே அறுத்துப் பங்கு கொடுத்தார்கள். நான் தின்றேன். கூட வந்த ஒருத்தன் ஆறு நாள் தொடவில்லை. செத்துப்போவானே என்று நான்தான் அவன் வாயைத் திறந்து ஊட்டினேன். அழுதுகொண்டே தின்றான். அவன் பேரைக் கேட்காதீர்கள். அவனுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள்."

கழுதைக் கறி தின்றது தெரிந்தால் சாதிசனம் தள்ளி வைத்துவிடும்; அதை மட்டும் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று திரும்பி வந்த கப்பலிலேயே இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பாலுசாமி தன் பங்கைச் சொல்லிவிட்டார். சுப்பண்ணன் பங்கைப் பேர் சொல்லாமல் மூடித்தான் வைத்திருந்தார்.

பெரியப்பா நோட்டை வாத்தியாரிடம் கொடுத்தார். மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க" என்றார், மரியாதை குறையாமல். வண்டியைப் பூட்டச் சொன்னார்கள். வள்ளியாத்தாள் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாமியாத்தாள் அழவில்லை, அப்பனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

பொழுது சாய்வதற்குள் சுப்பண்ணன் பாலுசாமி வீட்டுக்குப் போனார். சண்டை போடவா, காலில் விழவா என்று அவருக்கே தெரியவில்லை. பாலுசாமி கண்ணைத் திறந்து பார்த்து, கட்டிலில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஆனைமலைக்காரங்க வந்தாங்களாமா? முடிஞ்சுதா?"

சுப்பண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வாத்தியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன் சுப்பண்ணா. கறி தின்னதையும் சொல்லிப்போட்டேன். அதை வெச்சுக்கிட்டுச் சாக முடியல." பாலுசாமி மூச்சு வாங்கினார். பிறகு சுப்பண்ணன் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ பயப்படாத. உன்ற பேரை எங்கயும் சொல்லல."