செத்த நேரம்

குளிர்பெட்டியின் கண்ணாடி மேல் நெற்றியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான் ரொனால்டு. உள்ளே அவன் அப்பா சூசைமுத்து வெள்ளை வேட்டி சட்டையில், விரல்களில் செபமாலை சுற்றப்பட்டுப் படுத்திருந்தார். மதுரை விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கியவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக வந்து அப்படியே சாய்ந்துவிட்டான். செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"அழட்டும், விடுங்க. உள்ளயே வச்சிருந்தா நெஞ்சடைச்சுப் போயிரும்" என்றாள் ஒருத்தி.

அக்கா அனிஷா அவன் முதுகைத் தடவக் கையை நீட்டினாள். முதுகு குலுங்கவில்லை. சீராக ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். பெட்டியின் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குறட்டை கேட்டது.

தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சித்தப்பா ஆண்டனிராஜ் பந்தலில் நாற்காலி போட வைத்துக்கொண்டிருந்தார். அம்மா அன்னாள் பெட்டிக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அனிஷா தம்பியின் தோளை அழுத்தினாள்.

"ரொனால்டு, எந்திரி. முகத்தக் கழுவிட்டு வா."

திடுக்கிட்டு நிமிர்ந்தான். வலது கை முன்னால் நீண்டு காற்றில் எதையோ தேடியது. பிறகு கண்ணாடிக்குக் கீழே அப்பாவின் முகத்தைப் பார்த்தான். எங்கே இருக்கிறோம் என்று அவனுக்கு விளங்க இரண்டு மூச்சு நேரம் பிடித்தது.

அவனை உள்ளறைக்குக் கூட்டிப்போகும்போது பந்தலில் யாரோ பேசியது காதில் விழுந்தது. "நேத்து மத்தியானமே தகவல் சொல்லியாச்சாம். பிளேனே இவன் கையிலதான இருக்கு, நேரத்துக்கு வர முடியலையாக்கும்?"

சூசைமுத்து மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனை விமானம் ஓட்டப் படிக்க வைக்கச் சாணார்பட்டிப் பக்கம் இருந்த மாந்தோப்பை விற்றார். விற்றதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. மரியநாதபுரத்தில் யார் விமானத்தில் போய்வந்தாலும் வீடு தேடிப் போய், "யாரு ஓட்டுனது? கேப்டன் பேரு சொல்லியிருப்பாங்களே, கவனிக்கலயா?" என்று கேட்பார். அப்படி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பக்கத்துத் தெரு வாத்தியார் ஒருவர், "உம்ம மகன்தான்யா ஓட்டுனான்" என்றார். அன்றைக்குத் தெருவுக்கே பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

அந்த மகன் இப்போது கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தெரியாதவன்போல விரல்களால் தடவிக்கொண்டிருந்தான். அனிஷா கீழே உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துவிட்டாள். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. முப்பத்து நாலு வயதுக்கு அது அதிகம்.

"எப்படா கடைசியாத் தூங்குன?"

"தெரியலக்கா. இந்த வாரம் பூரா ராத்திரி டூட்டி. பகல்ல ஓட்டல் ரூம்ல படுப்பேன். படுத்தாலும் வராது. தூக்கம் வர்ற நேரத்துக்கு ஃபோன் அடிச்சு டூட்டிய மாத்திருவாங்க."

"நேத்து என் மெசேஜ் பாத்தியா இல்லையா?"

அவன் தலையை ஆட்டினான். "ஒரு ஃப்ளைட்ட எறக்கிட்டுப் பாத்தேன். அப்பா சீரியஸ், கெளம்பணும்னு சொன்னேன். ஆள் இல்ல சார், நீங்க எடுக்கலைன்னா கேன்சல் பண்ணணும், இத ஒன்ன மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருங்கன்னாங்க. ஜனங்க எல்லாம் ஏறி உக்காந்துட்டாங்கக்கா. எடுத்துட்டேன்."

அவன் அந்த விமானத்தை மேலே கொண்டுபோயிருந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டாவது முறை நெஞ்சுவலி வந்தது. தரையிறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை அவள் இப்போது சொல்லவில்லை. அவனே கணக்குப் போட்டிருப்பான்.

"எறங்கி ஃபோன ஆன் பண்ணுனேன். சகாயராஜ் மாமா மெசேஜ் போட்டிருந்தாங்க, அப்பா போயிட்டாருன்னு." அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். "படிச்சதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அழுகை வரலக்கா. லீவு கெடைக்கும், தூங்கலாம்னு தோணுச்சு."

அனிஷா அவிழ்த்த ஷூவைக் கையில் வைத்திருந்தாள். வெளியே செபம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

"நான் நல்லவனாக்கா?"

"படுடா."

"இன்னொன்னு சொல்லணும். யார்ட்டயும் சொல்லக்கூடாது. மாமாகிட்டகூட." குரல் இறங்கியது. "போன மாசம் ஒரு ராத்திரி, ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா பக்கத்துல கோ-பைலட்டும் தூங்குறான். எம்புட்டு நேரம் அப்பிடிப் போச்சுன்னு ரெண்டு பேத்துக்கும் தெரியல. கீழ இருந்து ரேடியோவுல கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. பின்னாடி அம்புட்டு ஜனம். ஒரு கைப்புள்ள அழுற சத்தம் கதவு தாண்டிக் கேட்டுச்சு."

"சொன்னியா யார்ட்டயாச்சும்?"

"ரேடியோ கோளாறுன்னு சொல்லித் தப்பிச்சுட்டோம். களைப்பா இருக்கு, ஓட்ட முடியாதுன்னு எழுதிக் குடுக்கலாம்க்கா, விதி இருக்கு. குடுத்தா மறுநாளே கூப்புட்டு வச்சு, வீட்ல பிரச்சனையா, லீவுல என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. ரெண்டு தடவ எழுதுனவன் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும். விட்டுட்டு வந்துரலாம்னு எத்தனையோ நாள் நெனச்சேன். அப்பாட்ட எப்பிடிச் சொல்ல?"

அடுத்த வார்த்தைக்கு வாய் திறந்தவன் திறந்தபடியே சரிந்தான். அவள் தலையணையை நகர்த்தி வைப்பதற்குள் தூங்கிவிட்டான். சட்டைப் பையிலிருந்த ஃபோனை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நாலு மணிக்குக் கோவிலில் பூசை. மூன்றரைக்குச் சவப்பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மூன்று மணி வாக்கில் ஆண்டனிராஜ் உள்ளே வந்தார்.

"எங்கம்மா ஒன் தம்பி? ஆம்பளப் புள்ள, அவன்தான் முன்னால நிக்கணும். எழுப்பு."

அனிஷா போய் எழுப்பிப் பார்த்தாள். தோளைக் குலுக்கினாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். "ம்" என்றான், கண் திறக்கவில்லை. ஆண்டனிராஜ் தானே வந்து குனிந்து, "ஏலே ரொனால்டு!" என்று சத்தம் போட்டார். இமைகள் பாதி திறந்து, வெள்ளை மட்டும் தெரிந்து, மூடிக்கொண்டன.

"குடிச்சிருக்கானா?"

"இல்ல சித்தப்பா. தூக்கம்."

"அப்பன் செத்துக் கெடக்கையில எவனுக்குமா இப்பிடித் தூக்கம் வரும்? ஊர்ல என்ன பேசுவாய்ங்க? தண்ணியக் கொண்டாந்து ஊத்து."

அனிஷாவின் கணவர் சகாயராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது அறை வாசலில் அன்னாள் வந்து நின்றாள். காலையிலிருந்து இடத்தைவிட்டு நகராதவள். மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, வெளிய வாங்க."

"மதினி, பங்குச்சாமி கோவில்ல காத்துக்கிட்டு இருப்பாரு."

"அவருக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் தள்ளிச் சொல்லுங்க."

"எதுக்குன்னு கேட்டா?"

"எம்மகன் தூங்குறான்னு சொல்லுங்க." அன்னாளின் குரல் உயரவேயில்லை. "உங்க அண்ணன் இனிமே எங்கயும் அவசரமாப் போகணும்னு இல்ல. இவன் செத்த நேரம் தூங்கட்டும்."

ஆண்டனிராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்னாள் மறுபடி பெட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பந்தலில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சிறுமலைப் பக்கமிருந்து வெக்கைக் காற்று வந்து பந்தல் துணியை உப்பவைத்தது.

அந்த நேரத்தில்தான் அனிஷாவின் கையிலிருந்த ஃபோன் அடித்தது. கம்பெனியிலிருந்து. டூட்டி போடுகிற பிரிவில் ஒரு பெண், ஆங்கிலத்தில், மரியாதையாகப் பேசினாள். கேப்டனின் இழப்புக்கு வருந்துவதாகச் சொன்னாள். நாளை ஒருநாள் விடுப்பு தருவதாகவும், நாளை மறுநாள் விடியற்காலை விமானத்தை அவர் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். விமானிகள் நிறையப் பேர் உடம்பு முடியாமல் இருக்கிறார்கள். அவரை ஒரு வார்த்தை உறுதி சொல்லச் சொல்ல முடியுமா?

அனிஷா மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆங்கிலம் வகுப்புக்கு மட்டும்தான் பேசுவாள். கொல்லைப்புறம் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டாள்.

"தூங்குகிறான். எழுப்ப முடியவில்லை" என்றாள்.

"அப்படியென்றால் பிறகு கூப்பிடட்டுமா மேடம்?"

பிறகு கூப்பிட்டால் அவன் சரி என்றுதான் சொல்வான். நேற்றும் சரி என்றுதான் சொன்னான். அனிஷாவுக்கு அந்தக் கைக்குழந்தையின் ஞாபகம் வந்தது. எந்த ஊர்ப் பிள்ளையோ.

"வேண்டாம். நான் அவன் அக்கா. சொல்வதைக் கேளுங்கள். அவன் விமானம் ஓட்டும் நிலையில் இல்லை. நாளை மறுநாள் மட்டுமில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கியிருக்கிறான்."

அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள். "மேடம், இந்த அழைப்பு பதிவாகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

அனிஷா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பதிவாகட்டும்" என்றாள்.

ரொனால்டு நாலரைக்குத் தானாகவே எழுந்து வந்தான். முகம் கழுவி, சகாயராஜின் வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றவனிடம் அனிஷா மறைக்காமல் சொன்னாள். அவன் அவளைப் புரியாதவன்போலப் பார்த்தான்.

"யார்ட்டயும் சொல்லாதன்னுதான கேட்டேன்?"

"ஆமா."

"என் லைசென்ஸே போயிரும்க்கா. விசாரணை வப்பாங்க. அந்தக் கோ-பைலட்டு பையனுக்கு இப்பத்தான் கல்யாணமாச்சு, அவனும் மாட்டிக்குவான். நீ எதுக்கு வாயத் தொறந்த?"

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவன் அவளைத் தாண்டிப் போய் அப்பாவின் தலைமாட்டில் தோள் கொடுத்தான். கோவிலிலும், கல்லறைத் தோட்டத்திலும், ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. முதல் பிடி மண்ணை அவன்தான் போட்டான். போட்டுவிட்டு நகராமல் குழியைப் பார்த்து நின்றான். அப்போதுதான் உதடு கோணி, சத்தமில்லாமல் அழுதான். சகாயராஜ் கையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்தபின் ஃபோனைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். சமையலறை ஜன்னல் வழியே அவன் முதுகு மட்டும் அனிஷாவுக்குத் தெரிந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினான்.

"ஆமாம். என் அக்கா சொன்னது உண்மை. இல்லை, அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை."

உள்ளே வந்தவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"விசாரணை முடியுற வரைக்கும் பறக்க வேணாம்னுட்டாங்க."

"அதுக்கப்புறம்?"

"தெரியல. அந்தப் பையன் கூப்புட்டா என்ன சொல்றதுன்னும் தெரியல." அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஓம் மேல கோவமாத்தான் இருக்கேன்."

"இருந்துக்க. சாப்டியா?"

அவன் தட்டை இழுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறும் ரசமும். கடைசிக் கவளத்துக்கு முன்பே தலை தொங்கத் தொடங்கியது. கைகழுவிவிட்டுப் போய், குளிர்பெட்டி இருந்த கூடத்தில், அன்னாள் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் படுத்தான். அன்னாள் காலை மடக்கி அவனுக்கு இடம் விட்டாள்.

நன்றாக இருட்டிவிட்டிருந்தது. வாசலில் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. அடக்கத்துக்கு வர முடியாதவர்கள், சூசைமுத்துவோடு வேலை பார்த்த ஆத்தூர்க்காரர்கள் நாலைந்து பேர், துக்கம் கேட்க உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் கையைக் கூப்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்னாள் உதட்டில் விரலை வைத்தாள்.

அவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை.