ஆறாவது கை

மொத்தம் பதினொரு அணிகள். ஓர் அணிக்கு ஒரு கை. ஆறு கைகள் தூக்கினால் அடுத்த சீசனிலிருந்து பிட் வெளியே போய்விடும். அந்த ஆறு கைகளுக்காகத்தான் மெக்கானிக் ஒரு வாரமாகப் பட்டறையைப் பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

பிட் என்றால் பந்தய வண்டிகளை நிறுத்தி, டயர் மாற்றி, கழன்றதை முடுக்கி, கோணியதைத் தட்டி நிமிர்த்துகிற இடம். அந்த மண் டிராக்கில் அது ஆரம்பத்திலிருந்தே உள்வட்டத்தில்தான் இருந்தது. நடுவில் பிட், அதைச் சுற்றி டிராக், அதற்கு வெளியே பார்வையாளர் மேடை, ஆம்புலன்ஸ், மற்ற உலகம் எல்லாம். உள்ளே போகவும் வெளியே வரவும் டிராக்கைக் குறுக்கே கடக்கிற ஒரே ஒரு கேட். பந்தயம் ஆரம்பித்ததும் கேட்டில் சங்கிலி விழும். கடைசிக் கொடி ஆடும்வரை உள்ளே இருப்பவன் உள்ளேதான் கிடக்க வேண்டும்.

இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை யாரும் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. ரேடியோ கீடியோ எல்லாம் கட்டுப்படியாகாத சின்ன கிளப் அது. பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அதனால் அணிக்கு ஓர் ஆள் உள்வட்டத்து ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். கைகள் அகலமாக இருந்தால் நிம்மதியாகப் போகலாம். நெருங்கினால் முதுகுக்குப் பின்னாலேயே வந்துவிட்டான், மிதி. தலைக்கு மேல் குறுக்கே போட்டு ஆட்டினால் ஏதோ விபரீதம், நிறுத்து. இந்த வேலையில் மெக்கானிக்கை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முழம் போட்டு அளக்கிற மாதிரி காட்டுவதால் முழக்காரர் என்றே பேர் விழுந்துவிட்டது. வேகம் வந்துவிட்டால் குதிப்பார், கையைச் சுழற்றுவார். மேடையில் இருப்பவர்கள் வண்டியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அவர் கை காட்டியது தங்கை புருஷனுக்கு. வண்டி மாப்பிள்ளையுடையது, அணியும் மாப்பிள்ளையுடையது, ஓட்டுவதும் அவரே. மெக்கானிக்கின் மனைவியும் சும்மா இருந்ததில்லை. வேன் நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக உட்கார்ந்து ரவுண்டுக்கு ரவுண்டு நேரம் குறிப்பார். மாப்பிள்ளை மெதுவாகப் போனால் நோட்டைப் பார்த்தே திட்டுவார்.

போன வருஷம் கடைசிப் பந்தயத்தில், இன்னும் பதினாலு ரவுண்டு பாக்கி இருக்கும்போது அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து சரிந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மெக்கானிக் அலறியடித்துக்கொண்டு ஓடிப் பார்த்துவிட்டு, வழக்கமாக நிற்கும் இடத்துக்கே திரும்ப ஓடிவந்து கைகளைக் குறுக்கே ஆட்டினார். அந்த இடத்தைக் கொடிக் கோபுரத்திலிருந்து பார்க்க முடியாதபடி ஒரு டயர் லாரி நின்றிருந்தது. மாப்பிள்ளையின் வண்டி மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போனது. நிற்கவில்லை. மெக்கானிக் கோபுரம் தெரிகிற பக்கமாக ஓடி, சட்டையைக் கழற்றிச் சுழற்றினார், தொண்டை கிழியக் கத்தினார். பதினொரு என்ஜின் சத்தத்தில் யார் தொண்டை கேட்கும்? மேலேயிருந்து பார்த்த கொடிக்காரர், "நம்ம முழக்காரர் இன்னைக்குச் சட்டையைக் கழட்டியே முழம் போடுறாரு பாருடா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தாராம். வேறு யாராவது அப்படிச் சட்டையைச் சுழற்றியிருந்தால் உடனே கொடியை ஆட்டிப் பந்தயத்தையே நிறுத்தியிருப்பார். இவர் வருஷக்கணக்காக ஆடிய ஆட்டம் இவருக்கே எமனாக வந்தது.

பதினாலு ரவுண்டும் ஓடி முடிந்தன. ஏழு நிமிஷம். சங்கிலியைத் தாண்டி டிராக்கில் பாயப் போனவரை இரண்டு பேர் இடுப்பைக் கட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை முதலாவதாக வந்தார், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

அந்த அம்மாள் பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சில் நாலைந்து சொற்கள் மிஞ்சின. ஏழு நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று மெக்கானிக் டாக்டரிடம் கேட்டார். "சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். ஆகியிருக்கும் என்று சொல்லியிருந்தால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பார், ஆகியிருக்காது என்றால் மனசைத் தேற்றியிருப்பார். இந்தச் சொல்ல முடியாதுதான் அவரை உட்கார்ந்து தின்றது.

கொடிக்காரர் வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டார். "சத்தியமா சொல்றேன் மச்சான், அன்னைக்கு உங்க பக்கம் நான் திரும்பவே இல்ல. ஹெல்மெட் கண்ணாடி பூரா மண்ணு." மெக்கானிக்தான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "நீங்க என்ன செய்வீங்க மாப்ள. யார் கண்டா இப்படி ஆகும்னு." தன் வேதனையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவனைத் தேற்றுகிற பைத்தியக்காரர் அவர்.

அன்றிலிருந்து தங்கை தினமும் காலையில் தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவாள். அண்ணியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாற்றி, தலை வாரிவிட்டுத்தான் போவாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பிட் விஷயமாக அண்ணன் அலைவதைப் பார்த்து அவள்தான் சொன்னாள்: "அவரு உங்களுக்குத்தான் கை தூக்குவாரு. நான் சொல்லிட்டேன்ல, நீங்க மத்தவங்களைப் பாருங்க." மெக்கானிக் மற்றவர்களைப் பார்த்தார். ஐந்து பேர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஆறாவது கை சொந்த வீட்டுக் கை. அதைப் போய் யாராவது கேட்டு உறுதி செய்வார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குக் கூட்டம். கிளப் ஆபீஸ் என்பது டிராக்கை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, சுவரில் பழைய கோப்பைகள். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்ததையே மறுபடி ஒரு தடவை சொன்னார்.

"வெளிய போனா சேறு," என்றார் டயர் கடைக்காரர். "மழை பெஞ்சா ஜாக்கி இறங்கிக்கிட்டே போகும். வண்டியைத் தூக்குறதா, ஜாக்கியைத் தோண்டுறதா?"

"உள்ள மட்டும் என்ன, பளிங்கா பதிச்சிருக்கு?" என்றார் லாரி முதலாளி. அவர் மெக்கானிக்கின் ஐவரில் ஒருவர். "இடம் சேறா இருந்தா ஜல்லி கொட்டலாம். உள்ள ஒரு உயிர் மாட்டிக்கிட்டா என்னத்தைக் கொட்டுவ?"

மெக்கானிக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். காரியம் கைகூடுகிற மாதிரிதான் இருந்தது.

அப்போது மாப்பிள்ளை எழுந்தார்.

"எங்க குடும்பத்துலதான் அது நடந்துச்சு. அதனால எனக்குப் பேச உரிமை இருக்கு," என்றார். குரல் நன்றாக உருகியிருந்தது. "ஆனா நடந்ததுக்காக ஆட்டத்தையே கெடுக்கக் கூடாது. வெளிய போயிட்டா கூட்டத்துக்கு நடுவுல மச்சான் கை எனக்குத் தெரியாது. யாரு கையும் யாருக்கும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுறதுக்குச் சமம்."

"அன்னைக்கு உங்க மச்சான் குறுக்கே காட்டியும் எவனும் நிறுத்தலையே?" என்றார் லாரி முதலாளி.

"காட்டுறதுக்கு ஒரு முறை இருக்குல்ல? ஒரு கையில தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி நாலாபக்கமும் தெறிக்க ஆட்டினா ஓட்டுறவனுக்கு என்ன புரியும்? அணிக்கு ஒரு சிவப்புத் துணி கொடுப்போம். துணி தெரிஞ்சா நிறுத்தணும். முடிஞ்சுது விஷயம். இதுக்குப் போய் பிட்டை இடம் மாத்தணுமா?"

சிவப்புத் துணி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நல்ல யோசனை, சுலபமான யோசனை என்று நாலு பேர் தலையாட்டினார்கள். மெக்கானிக் மட்டும் தலையைத் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

பாட்டில்.

அந்த ஏழு நிமிஷத்தை அவர் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார். எந்தத் தடவையும் அதில் பாட்டில் வந்ததில்லை. அவருக்கே அது மறந்துபோயிருந்தது. இப்போது காதில் விழுந்ததும்தான் ஞாபகம் வந்தது: மனைவியின் முகத்தில் தண்ணீர் தெளித்தார், பாட்டிலைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே ஓடினார், அதோடுதான் கைகளைக் குறுக்கே ஆட்டினார். சட்டையைக் கழற்றும்போது அது எங்கோ விழுந்துவிட்டது. அந்த இடத்தில் அவரைப் பார்க்கக்கூடியவர்கள் யாரும் இல்லை. ஒரு பக்கம் டயர் லாரி, இன்னொரு பக்கம் வேன். இரண்டாவது வளைவிலிருந்து வெளிவரும் வண்டிக்குள் இருப்பவனுக்கு மட்டும்தான் அந்தப் பாட்டில் தெரிந்திருக்கும்.

இனிமேல் மாப்பிள்ளையை அவர் இவர் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

மெக்கானிக் எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். வாய் திறக்கத்தான் செய்தது. அதற்குள் தலைவர், "வெளியேன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க" என்றார். ஐந்து கைகள் எழுந்தன. மாப்பிள்ளையின் கை அவன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. தலைவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார். பிட் உள்ளேயே இருக்கும்.

வெளியே வெயிலில், வண்டிக் கதவைத் திறக்கப் போனவனை மெக்கானிக் மறித்தார்.

"பாட்டிலைப் பத்தி உனக்கு யாரு சொன்னா?"

பத்து வருஷமாக அவர் வாயிலிருந்து மாப்பிள்ளைக்கு நீ வந்ததில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்கதான் மச்சான் சொன்னீங்க."

"எனக்கே இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

மாப்பிள்ளை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் தணிந்த குரலில் சொன்னான்: "நான் முதல் இடத்துல இருந்தேன் மச்சான். ஆயில் கீயில் ஒழுகுதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். ஒழுகினாலும் முடிச்சிரலாம்னு… அக்காவுக்குன்னு தெரிஞ்சா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

"அடுத்த ரவுண்டு என்னை அந்த இடத்துல காணோம். அதுக்கடுத்த ரவுண்டும் காணோம். கை காட்ட ஆளே இல்ல. எங்க போனேன்னு நெனச்ச?"

பதின்மூன்று ரவுண்டுக்குச் சப்பைக்கட்டு கட்டுவது சுலபமில்லை. அவன் வேறு பக்கமாக வந்தான்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மச்சான். என்கூட இருக்கிறாளோ இல்லையோ, அது அப்புறம். தினம் வந்து குளிப்பாட்டுறவ. இது தெரிஞ்சா அக்கா முகத்துல எப்படி முழிப்பா?"

மெக்கானிக்கின் கை ஓங்கியது. ஆனால் அயோக்கியன் சொன்னாலும் உண்மை உண்மைதான். அந்தக் கையை இறக்கித் தன் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் ஜன்னலோரம் தங்கை அண்ணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை ஒரு கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

"என்னாச்சுண்ணே?"

"அஞ்சுதான் வந்துச்சு. உள்ளேயேதான்."

"அடப்பாவிங்களா." அவள் கண் கலங்கிவிட்டது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவள் போல அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு தூக்கினாருல்ல?"

மெக்கானிக் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"தூக்கினாரு. முதல் கையே அவர்தான்."

தங்கையின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல அண்ணி? எல்லாரும் கைவிட்டாலும் அவரு விடமாட்டாருன்னு சொன்னேன்ல?" என்று அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அந்த அம்மாள் ஏதோ சொல்ல முயன்றார். உதடு இழுத்தது, எச்சில் வழிந்தது, தங்கை முந்தானையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். மிஞ்சியிருந்த நாலைந்து சொற்களில் ஒன்றைத் தேடிப் பிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"நல்…ல…வரு," என்றார்.

"ஆமா," என்றார் மெக்கானிக். "ரொம்ப நல்லவரு."