இருபத்தொன்பது பாட்டா

பின்பக்கமாக வண்டி ஓட்டுவதில் அன்டனை வெல்லக்கூடிய மனிதன் செயின்ட் லோறன்ஸ் ஆற்றின் இரு கரையிலும் இன்னும் பிறக்கவில்லை. இதை அன்டனே சொன்னார். சாட்சிக்கும் அவரே நின்றார். மொன்றியல் துறைமுகத்தில் பதினான்கு வருடமாகக் கொள்கலன் இழுப்பவர். கண்ணாடியில் ஒரு பார்வை, ஸ்டியரிங்கில் ஒரு வெட்டு, அவ்வளவில் நாற்பது அடிப் பெட்டியை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே சொருகிவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் திட்டம் எதற்கு? திட்டம் போடுகிறவன் கைவராதவன் என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கொள்கையை அவமதிப்பதற்கென்றே பிறந்தவர் போல இருந்தார் தங்கை இமெல்டாவின் கணவர் அல்பேட்.

அல்பேட்டுக்கு டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டும் வேலை. கரட்டை ஒரே அளவில் வெட்டி வெட்டி, உலகத்தையும் அப்படியே வெட்டி அடுக்கலாம் என்று நம்பத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு ஜூலையிலும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, வடக்கே மலைப்பக்கம் ஓர் ஏரிக்கரைக்கு காம்பிங் போவார்கள். வாடகைக்கு எடுத்த ஆர்.வி. என்ற வீட்டு வண்டிக்குள் பெண்களும் பிள்ளைகளும்; வெளியே ரென்ற்றுக் கூடாரத்தில் ஆண்களும் அவர்களுடைய குறட்டையும். அதற்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதத்து ஞாயிறு ஒன்றில், லாசாலில் தன் அடுக்குமாடிக்குப் பின்னாலுள்ள வாகனத் தரிப்பிடத்தில் அல்பேட் அந்த ஏரிக்கரை முழுவதையும் வெண்கட்டியால் கீறுவார்.

அளவுகோல், அவருடைய பாட்டாச் செருப்பு. ஒரு செருப்பின் நுனியில் மற்றதன் குதியை ஒட்டவைத்து ஒட்டவைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நடப்பார். ஆர்.வி. இருபத்தொன்பது பாட்டா. அங்கிருந்து அடுப்பு பன்னிரண்டு பாட்டா. தண்ணீரிலிருந்து நாற்பது பாட்டா தள்ளி ஒரு கோடு; சின்னப்பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது. பிறகு நான்கு குடும்பத்தையும் கூப்பிட்டு, அவரவர் சதுரத்தில் கதிரை போட்டு இருத்திப் பார்ப்பார்.

"ஏரிக்கு ஒத்திகை பாக்கிற சனம் உலகத்திலேயே நாங்கள்தான்," என்பார் அன்டன், தனக்கு விதிக்கப்பட்ட சதுரத்துக்குள் இருந்துகொண்டு. "மச்சான், நுளம்பு எத்தினை பாட்டாவில நிக்கும் எண்டதையும் கீறிவிடும்."

"உம்மைக் கடிச்ச நுளம்பு பேந்து எழும்பாது. அதுக்கு இடம் தேவையில்லை," என்பார் அல்பேட், நிமிராமலே.

ஒருமுறை மேல்மாடி மதாம் பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "போன்ஜூர், இது உங்கள் சமயச் சடங்கா?" என்று பிரெஞ்சில் கேட்டார். ஆம் என்றார் அன்டன். நாங்கள் செருப்பைக் கும்பிடுகிறவர்கள் என்றும் சொன்னார். மதாம் பக்தியோடு தலையசைத்தார்.

2006 பெப்ரவரியில், வேலை முடிந்து ஏப்ரனைக் கழற்றிக் கொளுவியில் மாட்டிய கையோடு, அல்பேட் குசினித் தரையில் விழுந்தார். எழும்பவில்லை. ஏப்ரன் நேராக மாட்டியிருந்தது என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஏரிக்கரையில் பதினான்காம் நம்பர் இடத்தை அவர் ஜனவரியிலேயே தன் பெயரில் பதிந்துவிட்டிருந்தார்.

மே மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அன்டனின் வீட்டில் கூடினார்கள். போவதென்று, கூட வரும் குடும்பக்காரரில் ஒருவரான பேனாட் சொன்னார், பிள்ளைகள் சொன்னார்கள். இமெல்டா மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் வராவிட்டால் ஒருவரும் போவதில்லை என்று நிரஞ்சனி, அன்டனின் மனைவி, முன்பே சொல்லியிருந்தாள். தவக்காலம் தொடங்கியதிலிருந்து இமெல்டா வேலைக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. இந்த ஏரியும் விடுபட்டால், அவள் இனி ஒன்றுக்கும் வெளியே வரமாட்டாள் என்று அன்டனுக்கு உள்ளுக்குள் பயம். பயந்தால் அவர் சத்தமாகக் கதைப்பார்.

"எல்லாம் நான் பாக்கிறன். கீறலும் இல்லை, எண்ணலும் இல்லை. போறம், இறங்கிறம், இருக்கிறம்."

இமெல்டா கைப்பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஹோட்டல் மெனு ஒன்றின் பின்பக்கம். அல்பேட்டின் கையெழுத்து.

"ஓ, வேதாகமம்!" என்று அன்டன் அதை உயர்த்திப் பிடித்து, பூசையில் வாசகம் வாசிப்பவரின் குரலில் வாசித்தார். "அடுப்படி, நிரஞ்சனி. மரத்தடி, பேனாட். கொடிக்குப் பக்கத்தில அன்டன், ஈரத் துவாய் காவலுக்கு. நெருப்புக்குக் கிழக்க இமெல்டா. மூண்டு பாட்டா தள்ளி, நான்."

குரல் அந்த இடத்தில் நின்றது. 

"அப்ப நான் எங்க இருக்கிறது, அண்ணை?" என்று இமெல்டா கேட்டாள்.

"எங்கையும் இரன், பிள்ளை. ஏரிக்கரை என்ன சின்ன இடமே?"

 "நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றாள். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். தாள் மேசையிலேயே கிடந்தது.

கதவு சாத்தியதும் நிரஞ்சனி திரும்பினாள். "அந்த மனுசன் ஆளுக்கொரு இடம் கீறி வச்சவர். நீங்கள் 'எங்கையும் இரு' எண்டா, உனக்கு இடமில்லை எண்டுதான் அவளுக்குக் கேக்கும். பதினெட்டுச் சில்லு வண்டியை விடத் தெரியுது. வாயை விடத் தெரியேல்லை."

அடுத்த ஞாயிறு அன்டனுக்கு வயிற்றுக்குத்து. பத்து மணிப் பூசைக்குப் போக முடியாத அளவு குத்து. ஆனால் லாசால் வரை கார் ஓட்டக்கூடிய குத்து. எல்லோரும் கோயிலில் இருக்கும் நேரம் பார்த்து, சட்டைப்பையில் தாளும் கையில் வெண்கட்டியுமாகத் தரிப்பிடத்தில் இறங்கினார்.

தன் சப்பாத்தால் இருபத்தொன்பது நடந்தார். ஆர்.வி. குப்பைத் தொட்டிக்குள் போய் முட்டியது. சப்பாத்து பெரிது. சின்ன அடியாக வைத்துப் பார்த்தார். இப்போது அடுப்பு ரென்ற்றுக்குள் எரிந்தது. நாற்பது அடிப் பெட்டியைச் சொருகுகிறவர் வெறும் கோடுகளுக்கு நடுவே கால் மணி நேரம் திண்டாடினார்.

கடைசியில் மூன்றாம் மாடிக்கு ஏறினார். இமெல்டாவின் கதவுக்கு வெளியே, கால்மிதியில், நீல வார்ப் பாட்டா ஒரு சோடி இருந்தது. எடுக்கச் சொல்லி, கட்டடத்தைப் பார்க்கும் கொன்சியேர்ஜ் இரண்டு தரம் வந்தானாம். அவள் இரண்டு தரமும் "மெர்சி" சொல்லிக் கதவைச் சாத்தினாளாம். அன்டன் நாலு பக்கமும் பார்த்து, சப்பாத்தைக் கழற்றி அங்கே வைத்துவிட்டு, செருப்பைக் கொளுவிக்கொண்டு இறங்கினார். குதி பின்னால் அரை அங்குலம் வெளியே நின்றது. செருப்புக்குள் ஐந்து விரலும் பதிந்த பள்ளம் இருந்தது.

இப்போது எல்லாம் சரியாக விழுந்தது. ஆர்.வி., அடுப்பு, பிள்ளைகளின் கோடு, ஈரத் துவாய்க் கொடி. ஆர்.வி. உள்ளே வரும் வழியில் மட்டும் தாளில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்து. தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"வெள்ளைக் கல். அன்டன் வெட்டித் திருப்ப வேண்டிய இடம். அவருக்குச் சொல்ல வேண்டாம்."

ஒவ்வொரு வருடமும் ஏரிக்கரையில் அதே இடத்தில் ஒரு வெள்ளைக் கல் கிடந்தது; தானாகக் கிடப்பதென்றே அன்டன் நினைத்திருந்தார். ஆர்.வி.யைப் பின்பக்கமாக விடும்போது, கண்ணாடியில் அது தெரிந்ததும்தான் வெட்டுவார். ஒரே வெட்டு. இறங்கி, பக்கத்து இடத்து வெள்ளைக்காரர் வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். அல்பேட் பக்கத்தில் நின்று, "ஓம், ஓம், கெட்டிக்காரன்," என்பார்.

அன்டன் அந்த வட்டத்தையும் கீறினார். வட்டம் முட்டையாக வந்தது.

நெருப்புக்குக் கிழக்கே இமெல்டாவின் சதுரத்தைக் கீறிப் பெயரை எழுதினார். மூன்று பாட்டா தள்ளி மற்றச் சதுரம். அதற்குள் என்ன எழுதுவதென்று தெரியாமல் குந்திக்கொண்டிருந்தபோது, ஓடி வரும் காலடி கேட்டது.

"அண்ணை! கதவடியில செருப்பைக் காணேல்லை, கொன்சியேர்ஜ் எறிஞ்சிட்டான் எண்டு நான்…" இமெல்டா மூச்சு வாங்கினாள். பூசைச் சேலை, கையில் அவருடைய சப்பாத்து. அவர் காலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை.

அன்டன் வெண்கட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். 

அவள் கோடுகளை மிதிக்காமல் நடந்தாள். "அடுப்படியில நிரஞ்சனியை விடாதேங்கோ. போன முறையும் புட்டை அடிப்பிடிக்க விட்டவ. அதை நான் பாக்கிறன்," என்றாள். தன் சதுரத்துக்குள் வந்து நின்றாள். "மூண்டு பாட்டா தள்ளி ஏன் போட்டவர், தெரியுமே? சிகரட். புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது எண்டு."

அன்டன் தலையசைத்தார்.

"இனிப் புகை இல்லைத்தானே," என்றாள். "கிட்டப் போடுங்கோ."

அன்டன் முழந்தாளிட்டு, தூரத்துச் சதுரத்தை உள்ளங்கையால் அழித்தார். தார் சூடேறியிருந்தது, வெண்கட்டி லேசில் போகவில்லை. பிறகு எழுந்து, அவளுடைய கோட்டில் குதியை வைத்து, அல்பேட்டின் செருப்பை ஒன்றன் முன் ஒன்றாக ஒட்டி ஒட்டி, வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.