படகுக்காரர் அழைப்பு

அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வருகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். கலஃப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தான். இன்ஷிராஹ் கோட்டையைக் காட்டினாள், "ம்" என்றான். மாம்பழ ஐஸ்கிரீம் வாங்கிக் கையில் திணித்தாள். அதற்கும் ஒரு "ம்". உருகி மணிக்கட்டு வழியே ஓடியதைக்கூடத் துடைக்கவில்லை, மகராசன்.

நாளை மறுநாள் இங்கிருந்து ரியாத் விமானம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இன்ஷிராஹுக்குக் கணக்கு டீச்சர் வேலை. கலஃபுக்கு ஒன்றும் இல்லை. அவள் புருஷன் என்பதால் கூடப் போகிறான், அவ்வளவுதான். சொந்த ஊரான சோஹாக்கில் ரயில் ஏறும்போதே அவனுடைய சேக்காளிகள், "பொண்டாட்டிக்குப் பெட்டி தூக்கப் போறியாப்பா?" என்று வாயாரக் கேட்டு வழியனுப்பியிருந்தார்கள். அது முள்ளாகத் தைத்து உள்ளேயே நின்றுவிட்டது.

இங்கே வந்த பிறகும் அதே கதைதான். இன்ஷிராஹ் படித்த ஊர் இது; அவளுடைய கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வீடு விருந்து வைத்தார்கள். எல்லா விருந்தும் டீச்சருக்கு. கலஃபிடம் "நீங்களும் வாங்க" என்றார்கள்.

இன்று காலை டீ குடிக்கும்போது கோப்பையைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டான்: "நீ முன்னால போ. நான் அப்புறமா வரேன்."

கலஃபின் அகராதியில் அப்புறம் என்றால் ஒருநாளும் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வெள்ளையடிப்பதையும் அப்படித்தான் சொல்லியிருந்தான். இன்ஷிராஹ் அழவில்லை. அழுகிற ரகமும் இல்லை. இந்த ஆளைப் பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் நேருக்கு நேர் சொல்லிக் கட்டிக்கொண்டவள். விமானத்தில் ஏற்றாமல் விடுவாளா? இன்னும் ஊர் சுற்ற நேரம் இருக்கிறது, ஆளும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறான் என்று அவனை அன்ஃபூஷி கடற்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மீன்பிடிப் படகு நங்கூரம் போட்டு நின்றது. படகுக்குச் சொந்தக்காரர் மெத்வல்லி, தன் ஆட்கள் இரண்டு பேரோடு சுட்ட மீனும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார். கரையில் இவர்களைப் பார்த்ததும் ரொட்டியைத் தூக்கிக் காட்டிக் கூவினார்.

"வாங்க தம்பி, வாங்க! ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க!"

நடுவில் தண்ணீர் கிடக்கிற தைரியத்தில் படகுக்காரர்கள் எல்லாரையும் கூப்பிடுவார்கள். கரையில் நிற்பவன் நெஞ்சில் கைவைத்து, "நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டவேண்டும். மரியாதையும் ஆச்சு, மீனும் மிச்சம்.

கலஃப் தெற்கத்திக்காரன். அவன் ஊரில் சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும், மறுத்தால் பகை. அதோடு, இத்தனை நாளில் அவனை, அவனையே, ஒருத்தர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தான். அங்கியைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான்.

"அண்ணே, நெசமாவே வரான்!" என்றான் படகிலிருந்த ஒல்லி ஆள்.

"வாயை மூடுடா. தெற்கத்தி ஆளு. இன்னொரு ரொட்டியை எடு," என்றார் மெத்வல்லி. அவர் முகத்தில் அசடு வழிந்தது.

கரையில் இன்ஷிராஹ் "கலஃப், அது சும்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அந்த ஆட்கள் காதுபட அதைச் சொன்னால் மனுஷன் கூனிக்குறுகிப் போவான். அவளும் காலணியைக் கழற்றினாள், பாவாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் சில்லென்று இடுப்புக்கு வந்தது.

"நீ எதுக்கு வர்றே?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான் கலஃப்.

"நீங்க போற எடத்துக்கு வர எனக்கென்ன வெக்கம்?"

படகில் ஏறி உட்கார்ந்தார்கள். மெத்வல்லி இருந்ததில் பெரிய மீனை கலஃப் பக்கம் தள்ளினார். ஒல்லி ஆளுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொறந்ததுலேர்ந்து கடல்ல கெடக்கேன். ஒப்புக்குக் கூப்பிட்டதுக்குத் தண்ணியில எறங்கி வந்த மொத ஆளு நீங்கதாண்ணே!"

கலஃபுக்கு அப்போதுதான் உறைத்தது. காது சிவந்துவிட்டது. மென்றதை விழுங்காமலே எழுந்தான், படகு ஆடியது. இன்ஷிராஹ் அவனுடைய ஈர அங்கியை இறுக்கிப் பிடித்தாள்.

"உக்காருங்க. ஒப்புக்குக் கூப்பிட்டவருக்காக இடுப்பளவு தண்ணியில எறங்கினீங்க. நான் மனசாரக் கூப்பிடறேன். எனக்கு மட்டும் 'அப்புறமா'வா?"

மெத்வல்லி ஒல்லி ஆளின் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "எங்க கூப்பிடுறே தங்கச்சி?" என்று கேட்டார்.

"ரியாத்துக்குண்ணே. நான் சம்பாதிச்சு இவர் சாப்பிட்டா மானம் போயிடுமாம்," என்றவள் கலஃப் பக்கம் திரும்பினாள். "நீங்க இல்லாம அங்க எனக்குச் சோறு எறங்காதுய்யா, அதைப் பத்தி யோசிச்சீங்களா?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் பிசிறியது. கலஃப் மெல்ல உட்கார்ந்தான். மீனின் முள்ளை எடுத்து, சதையை ரொட்டிக்குள் வைத்து அவளிடம் நீட்டினான். இருவரும் தின்றார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கடல் தண்ணீரில் கைகழுவிய பிறகு கலஃப், "அண்ணே," என்றான். "ரியாத் பக்கம் வந்தா எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்."

"இது நெசமா, இல்ல எங்க அழைப்பு மாதிரியா?" என்று மெத்வல்லி சிரித்தார்.

"நெசந்தான். இவ பள்ளிக்கூடத்துலேர்ந்து வர நேரமாகும். அதுக்காக வாசல்ல நிக்காதீங்க. தட்டுங்க, கதவை நான்தான் தொறப்பேன்."