கஸ்டம்ஸில் நிற்கும் கல்

எங்கள் தெருவில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவள் வயிற்றைப் பார்க்க மாட்டார்கள், அவள் புருஷனின் தாடையைப் பார்ப்பார்கள். மனைவி மாசமாக இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது வழக்கம். இராஜபாளையத்தில் பாதிப் பேர் பேப்பர் படிக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த வீட்டுக்காரன் தாடியை ஒரு வரி விடாமல் படிப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரன் தாடி விட்டார். தெருவே சந்தோஷப்பட்டது. மூன்றாம் மாசம் கலைந்துவிட்டது. தாடியை எடுக்கப் பேச்சிமுத்து சலூனில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன லிங்கு, எடுத்துரவா? அப்ப ஒண்ணும் இல்லைன்னு ஆயிருச்சா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது பேச்சிமுத்து கேட்டிருக்கிறான். நாசமாய்ப் போகிறவன், வாய்க்கு ஒரு பூட்டு வேண்டாமா! அன்றைக்கு அவர் சோற்றைத் தொடவில்லை. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்கப்புறம் அவர் எந்தச் சலூன் படியும் ஏறவில்லை.

சரி, வீட்டிலேயே சவரம் செய்யட்டும் என்று நானும் விட்டேன். பெட்டிக்கடையில் ஒரு பிளேடு வாங்கினால் முடிகிற வேலை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு பேண்டேஜ் கம்பெனியில் வெளிநாட்டுப் பார்சல் அனுப்பும் உத்தியோகம். அவருக்கு ஜெர்மனியும் பக்கத்து ஊர்ச் சத்திரப்பட்டியும் ஒரே தூரம்தான். போனில் வீடியோ பார்த்து மடக்குகிற சவரக்கத்தி ஒன்றை வரவழைத்தார். ஆயுசுக்கும் பிளேடு செலவு மிச்சமாம். வந்த பிறகுதான், அதைத் தீட்டக் கல் வேண்டும் என்று தெரிந்தது. அதுவும் ஒரு கல் போதாது. சொரசொரப்பாய் ஒன்று, வழவழப்பாய் ஒன்று, அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒன்று.

"இங்க விக்கிறவன் கொள்ளையடிக்கான். நேரா அந்தந்த நாட்டுக்காரன்கிட்டயே வாங்கினா எம்புட்டு மிச்சம் தெரியுமாட்டி?" என்றார்.

மிச்சம் பிடித்த கதையைக் கேளுங்கள். சீனாக்காரன் கல் மலிவு, தபால் கூலி கல்லைவிட அதிகம். அந்தக் கூலி வீணாகக் கூடாதென்று அதே பார்சலில் இரண்டாவது கல். இரண்டாய்ப் போனதால் கஸ்டம்ஸ் வரி. வரி கட்டிய வயிற்றெரிச்சலை ஆற்ற பெல்ஜியத்திலிருந்து ஒரு துண்டு. கடைசியில் ஜப்பான். முழுக்கல் யானை விலை, மூலை உடைந்த துண்டு பாதி விலை, தீட்டினால் இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த ஜப்பான்காரரிடம் போனிலேயே மொழிபெயர்த்துப் பேரம் வேறு: "அண்ணாச்சி, கடைசி விலை சொல்லுங்க." குறைக்க முடியாததற்கு அந்த மனுஷர் நாலு வரி மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். எங்கள் ஊர்ச் சந்தையாக இருந்தால் தராசுத் தட்டாலேயே போட்டிருப்பார்கள்.

"பேரனைக் கேட்டா கல்லா வாங்கி அடுக்குதான்!" என்று என் மாமியார் வெள்ளத்தாய் தெருக்குழாயடியில் ஒப்பாரி வைத்தார். அத்தை வாயில் ஒரு விஷயம் விழுந்தால் மாலைக்குள் மலையடிவாரம்வரை போய்விடும்.

ஜப்பான் கல்லுக்குப் பணம் கட்டிய மாசத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே ஆஸ்பத்திரியில் காட்டினோம். உண்டாகியிருக்கிறேன். பஸ் ஸ்டாப்பில் நின்று இரண்டு பேரும் பைத்தியம் மாதிரிச் சிரித்தோம். உடனே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"நீங்க தாடி விடாதீங்க. ஊருக்கே தெரிஞ்சிரும். போன தடவை மாதிரி ஆச்சுன்னா அந்த மூஞ்சிகளை என்னால திரும்பப் பாக்க முடியாது. அஞ்சு மாசம் தாண்டட்டும், அதுவரைக்கும் தெனமும் சவரம் பண்ணுங்க," என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "கத்தி வச்சு ஏதாவது ஆயிட்டா? எனக்கு மனசு கேக்காதுட்டி."

கல்லுக்குக் கல் எத்தனை மைக்ரான் என்று விஞ்ஞானம் பேசுகிற மனுஷர்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குள்ளும் அதே நடுக்கம்தான் இருந்தது.

பஸ் வருவதற்குள் அவரே ஒரு வழி சொன்னார். "கல்லு இன்னும் வரலைன்னு சொல்லிருவோம்."

கல் என்னவோ கம்பெனி முகவரிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை பீரோவில் என் கல்யாணப் பட்டுக்கு அடியில் ஒளித்தேன். தெருவுக்கு மட்டும் அது சென்னையில் கஸ்டம்ஸில் நின்றது. தாடி வளர்ந்தது.

"என்ன லிங்கு, கல்லு ஜப்பான்லருந்து நீந்தி வருதா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். பேச்சிமுத்து நடுரோட்டில் மறித்து, "வாரும்யா, ஓசியிலயே எடுத்து விடுதேன்," என்றான்.

"அந்தக் கல்லுல தீட்டாத கத்தி என் மூஞ்சில படாதுண்ணே," என்று இவர் தாடியைத் தடவிக்கொண்டே சொல்வார். கல் பைத்தியம், கோட்டிக்காரன் என்று பெயர் கட்டிவிட்டார்கள். கோட்டிக்காரன் தாடிக்கு யாரும் அர்த்தம் தேடுவதில்லை. என் வயிற்றை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை ஏச்சையும் எனக்காக வாங்கிக்கொள்கிறாரே என்று அவர்மேல் எனக்கு ஆசை ஆசையாக வந்தது.

ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கப் போன அத்தை, செங்கல் கனத்தில் ஒரு சாணைக்கல்லைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார்.

"ஏலே, ஊர்ச்சிரிப்பை இனிமே என்னால தாங்க முடியாது. இந்தா, தேர்க்கடையில வாங்கியாந்தேன். இதுல தீட்டி, என் கண்ணு முன்னாடி செரைச்சுக்கோ."

"இது அருவா தீட்டுற கல்லும்மா."

"நீ வளத்து வச்சிருக்கிறதுக்கு அருவாதான் வேணும்!"

அத்தையே வெந்நீர் கொண்டுவந்தார். கத்தியையும் எடுத்துவந்து மகன் கையில் திணித்தார். தன் கையாலேயே மகன் கன்னத்தை நனைத்தார். என் வீட்டுக்காரர் கத்தியை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அத்தை, வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். என் கை அதுவாக வயிற்றுக்குப் போயிருந்தது.

அத்தை என் கையைப் பார்த்தார். மகன் தாடியைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"எத்தனை மாசம்?"

"நாலு," என்றேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அத்தை முந்தானையால் மகன் கன்னத்து ஈரத்தைத் துடைத்தார். அதற்குள் எதிர்வீட்டுச் சீனியம்மாள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "என்ன வெள்ளத்தாயி, கல்லு வாங்கியாந்தியே, மகன் சவரம் பண்ணிட்டானா?"

அத்தை வாசலுக்குப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்க பண்ணுதான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி அத்தை கத்தினார். "இந்தக் கல்லு ஆகாதாம் அந்தக் கோட்டிப்பயலுக்கு. ஜப்பான் கல்லுதான் வேணுமாம். கஸ்டம்ஸ்காரன் திருப்பி அனுப்பி, அது இப்பத்தான் மறுபடி கப்பல்ல ஏறியிருக்காம். வந்து சேர இன்னும் அஞ்சாறு மாசம் ஆகுமாம்!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்து அத்தை அழுதுவிட்டார். சீனியம்மாளுக்கே மனசு தாங்கவில்லை. தெருவைத் தாண்டி வந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாத வெள்ளத்தாயி," என்றாள். "நல்லபடியா வந்து சேரும்."