குடைக்காரம்மாவுக்குப் பின்னால் ஒருவர்

1

"நான் குடைக்காரம்மாவுக்குப் பின்னாடி. மறந்துடாத" என்று சொல்லிவிட்டு அர்செனியோ தெருவைக் கடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வரப்போகிறவன் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தக் கதை அந்தத் தெருவில் பிறக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒடாலிஸ் வீட்டுச் சமையலறையில் பிறந்தது. ஒடாலிஸ் அவனுடைய மனைவி. எங்கள் சினிமா மன்றம் டிசம்பர் திரைப்பட விழாவுக்கு ஒரு சுவர்ப்பலகை வைக்கிறதாம். போன வருடம் இதே விழாவில் போய்ச் சேர்ந்தவனைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம்.

"அன்னிக்கு நீதானே அவர்கூட இருந்த. நீயே எழுது" என்றாள், காபியை ஊற்றிக்கொண்டே. "எழுதி முதல்ல எங்கிட்ட காட்டு. நான் படிச்சிட்டுத்தான் மத்தவங்க."

பிறகு, வழக்கம்போல, அதையும் சொன்னாள்: "ஒரு ரொட்டிக்காகத் திரும்பிட்டேன்டி. அவ்வளவு தூரம் வந்தவ, அவர் மூஞ்சியப் பாக்காம ஒரு ரொட்டிக்காக."

ஒரு வருடமாக அவள் மேசையில் ரொட்டி கிடையாது. வேகவைத்த கிழங்கும் பிஸ்கட்டும்தான்.

அவள் ரொட்டிக்காகத் திரும்பவில்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் திரும்பினாள். அது அவளுக்கு நினைவில்லை, எனக்கு இருக்கிறது. அந்த வாக்கியம் இந்தப் பக்கத்தில் வந்தால் அவள் தன்னைத் தின்பதை நிறுத்திவிட்டு என்னைத் தின்ன ஆரம்பிக்கலாம். வராவிட்டால் இதை எழுதவே வேண்டாம்.

என்னை இனி நெரேய்தா என்று எழுதப்போகிறேன். அது என் பெயர்தான். "நான்" என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது.

2

தொடக்கங்கள்.

டிசம்பர் வந்துவிட்டால் ஹவானாவில் மனிதர்கள் வேலை, வீடு எல்லாவற்றையும் மறந்து திரையரங்கு வாசல்களில்

(வேண்டாம். விமானத்தில் கொடுக்கிற சுற்றுலாத் தாள் மாதிரி இருக்கிறது.)

அர்செனியோ ஒரு நல்ல

(நல்லவன்தான். ஆனால் எல்லோர் தட்டிலிருந்தும் வறுத்த வாழைக்காயை எடுப்பான், கேட்டால் உப்பு பார்த்தேன் என்பான். இதையும் எழுதாமல் நல்லவன் என்று மட்டும் எழுதினால் அவனே சிரிப்பான்.)

மூன்று பேர் இருந்தார்கள்.

இது நிற்கட்டும். அர்செனியோ, ஃபெர்மீன், நெரேய்தா. மூவரும் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் அடுத்தடுத்த மேசைகள். இருபத்திரண்டு வருடமாக விழா வாரத்துக்கென்றே விடுப்பைச் சேர்த்து வைப்பார்கள். காலையில் ஒரு கண்காட்சி, மதியம் பூங்காவில் ஐஸ்கிரீம், பிறகு இரண்டு படம், நடுவில் எதைப் பற்றியாவது சண்டை. ஒடாலிஸுக்குப் படம் பிடிக்காது. இருட்டில் உட்கார்ந்து அடுத்தவன் கஷ்டத்தைப் பார்க்க நான் என்ன பாதிரியாரா என்பாள். மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், நாள் முழுக்க அதைத்தான் பார்த்தாள்.

வரிசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கியதில்லை, அதனால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இது தெரியாவிட்டால் நெரேய்தாவின் தப்பு புரியாது. இங்கே வரிசையில் யாரும் நிற்பதில்லை. போனதும் "கடைசி யாரு" என்று கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். இனி நீங்கள் அவருக்குப் பின்னால். அடுத்து வருகிறவர் கேட்கும்போது நீங்கள் கை தூக்கிவிட்டால் போதும், உங்கள் இடம் பதிந்துவிட்டது. அப்புறம் நிழலில் உட்காரலாம், வீட்டுக்குப் போய்ப் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வரலாம், இன்னும் இரண்டு வரிசைகளில் இடம் பிடிக்கலாம். ஆள் அங்கே இல்லாவிட்டாலும் இருக்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை. இப்படித்தான் நாங்கள் வாழ்கிறோம்.

3

சனிக்கிழமை. மூன்று மணிப் படத்துக்குப் பதினொரு மணிக்கே வந்துவிட்டார்கள். நடைபாதை முழுக்க ஆட்கள், பாதிப் பேர் எதிர்ப்பக்க மர நிழலில்.

"கடைசி யாரு?" அர்செனியோ கேட்டான்.

கறுப்புக் குடை பிடித்த உயரமான ஒரு பெண்மணி* குடையை லேசாக உயர்த்தினாள். "நான்தான் தம்பி. எனக்கு முன்னாடி அந்தத் தொப்பிக்காரர்."

"தம்பின்னு கூப்பிட்டாங்க, கேட்டியா?" அர்செனியோ நெரேய்தாவிடம் சொன்னான். அவனுக்கு அறுபத்தொன்று.

"வெயில்ல கண்ணு தெரிஞ்சிருக்காது" என்றான் ஃபெர்மீன். "நான் ஐஸ்கிரீம் க்யூவுக்குப் போறேன். நாலு தட்டு சொல்றேன், ஒண்ணு உபரி. நீ வர லேட்டானா உனக்கு ஸ்பூன்தான்."

அர்செனியோவுக்கு முகம் அன்று கொஞ்சம் சாம்பலாக

(இல்லை. இதை இப்போது சேர்க்கிறேன். அன்று அவன் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. சவரம் செய்யும்போது தாடையில் கீறியிருந்தான், அவ்வளவுதான்.)

இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய காட்சிக்கூடத்தில் மரச்செதுக்கு அச்சுப்படங்கள் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு படம் பார்க்க வேண்டும், மழையில் நிற்கிற பேருந்து, பத்திரிகையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள், அதில் கோடு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான்.

"நானும் வரட்டுமா?"

"நீ வந்தா அரை மணி நேரம் ஆவும். நான் அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன்."

பிறகு குடைக்காரம்மா, மறந்துடாத, தெரு.

* அந்தப் பெண்மணியின் பெயர் இன்றுவரை தெரியாது. பின்னால் அவள் செய்யப்போவதற்காகவே பெயரைக் கேட்டு வைத்திருக்கலாம்.

4

இங்கே நான் ஐஸ்கிரீமைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். எந்த உருண்டை என்ன சுவை, தட்டின் விளிம்பில் எங்கே உடைந்திருந்தது எல்லாம். அடித்துவிட்டேன். பன்னிரண்டு நாற்பதுக்கு வராமல் இருப்பதற்காக எழுதிய பக்கம் அது.

பன்னிரண்டு நாற்பது. நெரேய்தா படவரிசையில் இருந்தாள், ஃபெர்மீன் பூங்காவில் ஐஸ்கிரீம் வரிசையில். அர்செனியோ போய் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அவள் கவலைப்படவில்லை. ஃபெர்மீனோடு இருப்பான் என்று நினைத்தாள். இங்கே நெரேய்தாவோடு இருப்பான் என்று ஃபெர்மீன் நினைத்தான். இரண்டு வரிசையில் இடம் இருப்பவன் ஒன்றில் காணோம் என்றால் இன்னொன்றில் இருப்பான். வேறு எப்படி நினைப்பது.

அப்போது ஒடாலிஸ் வந்தாள். வீட்டுச் செருப்போடு, வேகமாக, முந்தானை போல ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. கையில் மாத்திரை அட்டை.

"இத சிங்க் மேலயே வச்சிட்டு வந்திருக்காரு, பாரு. பிரஷர் மாத்திர. நேத்தும் போடல, அட்டைய எண்ணிப் பாத்தேன். எங்க அந்த மனுஷன்?"

நெரேய்தா அப்போது ஒரு முரட்டு இளைஞன் குறுக்கே நுழைவதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"க்யூலதான் இருக்காரு."

இதுதான் அந்த வாக்கியம்.

"எங்க?"

"குடைக்காரம்மாவுக்குப் பின்னாடி."

குடைக்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, எனக்கு அடுத்தது அவருதான்" என்றாள்.

ஒடாலிஸ் எட்டிப் பார்த்தாள். இருநூறு தலை, பாதி நிழலில். நின்று பார்த்திருந்தால் அவன் அன்று போட்டிருந்த சிவப்புச் சட்டை அங்கே இல்லை என்று தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இரண்டு பேர் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்கள்.

"சரி, அப்ப நீ குடுத்துடு. தண்ணியோட போடச் சொல்லு, காபியோட முழுங்கிடப் போறாரு. எனக்கு ரொட்டிக் கடையில நம்பர் போயிடும்."

அவளும் அங்கே ஒரு வரிசையில் இடம் பிடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஒடாலிஸ், நீ கேட்டாய். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டாய். உனக்கு நினைவிருக்கிற ரொட்டி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

5

நெரேய்தா மீது எனக்குச் சந்தேகம் உண்டு. அவள் அப்பாவித்தனமாகத்தான் சொன்னாளா? இவ்வளவு பழகியவளுக்கு, அவன் ஐந்து நிமிடம் என்றால் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறவன் என்று தெரியும். உள்ளே எங்கோ ஓர் இடத்தில் கணக்கு இடித்திருக்க வேண்டும். ஆனால் தேடப் போய், திரும்புவதற்குள் கதவு திறந்துவிட்டால் இடம் போய்விடும். அந்த மூன்று மணிப் படத்தை அவள் மிகவும் பார்க்க விரும்பினாள். இதை எழுதிப் பார்க்கிறேன், உண்மையா என்று தெரியவில்லை. பொய் என்றும் அடிக்க முடியவில்லை.

கதை என்பதால் வேறுவிதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

"அச்சுப்படம் பாக்கப் போனாரு ஒடாலிஸ். ஒன்றரை மணி நேரம் ஆச்சு, ஆளக் காணோம்."

ஒடாலிஸுக்கு மருந்துக்கடைப் புத்தி. விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். காட்சிக்கூடத்தின் உள்ளறையில், பேருந்துப் படத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில், சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்தாள். வேர்த்திருந்தான். கண் திறந்திருந்தது. "இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் அவன் கையைப் பிடித்து

(முடியவில்லை. இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் "பிடித்து" என்கிற இடத்தில்)

6

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்றரை மணிக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. நான்கு தட்டு. "அவன் பங்கு உருகுது, பாவம், நாமதான் காப்பாத்தணும்" என்றான் ஃபெர்மீன். அவன் தட்டையும் சேர்த்துக் காலி செய்தார்கள்.

இரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. தள்ளுமுள்ளு. பின்னாலிருந்த ஓர் ஆள் குடைக்காரம்மாவை ஒட்டி நின்றான்.

"தள்ளி நில்லுங்க. எனக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காரு."

"எங்க இருக்காரு? காத்தா?"

"சிவப்புச் சட்ட போட்டவரு. பதினோரு மணிக்கே எங்கிட்ட கேட்டுட்டு நின்னவரு. நீங்க அப்ப தூங்கி எழுந்திருக்கவே மாட்டீங்க."

"ஆளு வரட்டும், விடறேன்."

"வருவாரு. அவர் இடத்துல நீங்க நிக்க முடியாது."

குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் ஓர் ஆள் அகலத்துக்கு இடத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நெரேய்தாவும் சேர்ந்து சத்தம் போட்டாள். உள்ளே போய் நடு நாற்காலியில் கைப்பையை வைத்தாள். கைப்பைக்குள் மாத்திரை அட்டை. படம் தொடங்கி இருபது நிமிடம் கழித்து ஃபெர்மீன் காதருகே, "வேற தியேட்டருக்குப் போயிட்டான் போல, துரோகி" என்றான். நெரேய்தா சிரித்தாள்.

படம் நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் பிறகு சொன்னது: "ரொம்ப நேரமா ஒரே படத்தையே பாத்துட்டிருந்தாரு. எனக்கு சந்தோஷமா இருந்துது. ஒரு வாரமா எல்லாரும் நடந்துக்கிட்டே பாத்துட்டுப் போறாங்க, ஒருத்தராவது உக்காந்து பாக்குறாரேன்னு. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மத்தியானம் அணைக்கிற விளக்கக்கூட அணைக்கல."

நான்கு மணிக்குப் பூட்டும் நேரத்தில்தான் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

உயிர் பிரிந்தது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் என்றார் மருத்துவர். நெரேய்தா அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள், பன்னிரண்டே முக்காலுக்கு யாராவது போயிருந்தால்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொழச்சிருப்பாருன்னு சொல்ல முடியாதும்மா. பொழச்சிருக்க மாட்டாருன்னும் சொல்ல முடியாது. தனியா இருந்திருக்க மாட்டாரு. அது மட்டும் சொல்லலாம்."

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஃபெர்மீனிடம்கூட.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்றில் ஒடாலிஸ் படித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்டி" என்று என் கையைப் பிடிக்கிறாள். இதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் தாள்களைச் சரியாக அடுக்கி என் மடியில் வைத்துவிட்டுக் கதவைக் காட்டுகிறாள். இதை எழுதும்போது ஒரு மாதிரி சுகமாக இருந்தது, தண்டனை கிடைத்துவிட்ட சுகம். அதனால் இதையும் நம்பவில்லை.

மூன்றாவதில் அவள் எதுவும் சொல்லாமல் போய் ரொட்டி வாங்கி வருகிறாள். அழகாக இருந்தது. அவளைவிடக் கதைக்குத்தான் அது உதவியது.

மூன்றிலும் ஒடாலிஸின் வாயில் வருவது என் பேச்சு. அங்கே இல்லாத ஒருவருக்காக ஒரு தடவை நான் பதில் சொல்லியிருக்கிறேன். போதும்.

எனவே முடிவை அவளிடம் விடுகிறேன். அவள் படித்த பிறகு இது சுவர்ப்பலகைக்குப் போனால், பலகை முன்னால் நிற்கிற உங்களுக்கு அவள் என்ன செய்தாள் என்பது ஓரளவு தெரிந்துவிடும். போகாவிட்டால் இதைப் படிக்க நீங்கள் இல்லை.

இந்தக் கடைசிப் பத்தியை அவள் வீட்டுக்கு எதிர் நடைபாதையில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். மணி பத்தரை. காலையிலிருந்து மின்சாரம் இல்லை, அழைப்பு மணி அடிக்காது. மின்சாரம் இருக்கிற நாளிலும் நான் அதை அடித்ததில்லை. அவள் இருப்பது மூன்றாவது மாடி. கீழே நின்று "ஒடாலிஸ்" என்று ஒரு தடவை கூப்பிடுவேன். யாரென்று கேட்கமாட்டாள், எட்டிப் பார்க்கவும் மாட்டாள். தெருக்கதவுச் சாவியை ஒரு காலுறைக்குள் போட்டுக் கயிற்றில் இறக்குவாள். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் இறக்கினாள்.