நான்காம் மாடிக்குப் போன சட்டம்

எங்கள் அலுவலகத்தின் நான்காம் மாடி வெளிநாட்டில் இருக்கிறது. ஒப்பந்தம் அப்படி. மூன்றாம் மாடியில் நாங்கள் நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறோம். நான் தட்டச்சர். எந்தச் சட்டமானாலும் மேலே இருக்கும் வணிக மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு சட்டம் அடித்தேன். ‘வெண்ணாரை ஏரியில் எந்தக் கம்பெனியும் தண்ணீர் எடுக்கக் கூடாது.’ துணைச் செயலாளர் தமயந்தி மேடம் கையெழுத்திட்டார். மேலே கொண்டுபோனேன். படிக்கட்டு பதினோரு மணி நேரம் நீண்டது. நடுவில் சாப்பாடு கொடுத்தார்கள்.

மன்றத்து அதிகாரி கத்தரிக்கோல் வைத்திருந்தார்.

“ஏரிப் பேரு முதலீட்டாளருக்குச் சங்கடமா இருக்கு” என்று ‘வெண்ணாரை ஏரியில்’ என்பதை வெட்டினார். செவ்வாய்க்கிழமை ‘எந்தக் கம்பெனியும்’ போனது. மீதி அரசிதழில் வந்தது. ‘தண்ணீர் எடுக்கக் கூடாது.’

புதன்கிழமை வெண்ணாரையிலிருந்து அஞ்சுகம் என்ற பெண் காலிக் குடத்தோடு வந்தார்.

“குடிக்கக்கூட மொள்ள விடாம காவல் போட்டிருக்காங்க. நீங்க எழுதுன சட்டமாமே?”

“நாங்க எழுதினது வேற” என்றேன்.

“அப்ப இதை யாரு எழுதினது?”

தமயந்தி மேடம் கூரையைப் பார்த்தார்.

அஞ்சுகம் பதில் தெரியாமல் போகமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாலையில் ‘தண்ணீர்’ என்ற சொல்லும் போனது. ‘எடுக்கக் கூடாது.’ டிரைவர்கள் பஸ் எடுக்கவில்லை. யாரும் போன் எடுக்கவில்லை. யாருக்கும் பசி எடுக்கவில்லை. அஞ்சுகத்துக்குத் தாகம் மட்டும் சட்டத்தை மீறி எடுத்தது.

வியாழக்கிழமை அதிகாரியே கீழே வந்தார். ‘எடுக்கக்’ என்பதை வெட்டினார். தெருவில் பஸ்கள் கிளம்பின. தாளில் ஒரே ஒரு சொல் இருந்தது.

“அதையும் குடுங்க.”

மேடம் தாளைக் கையால் அழுத்திக்கொண்டார். இருபத்தாறு வருடங்களில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

“கூடாது.”

“மேடம், ஒப்பந்தம் இருக்கு.”

“இருக்கட்டும். இது எங்க சொல்லு.”

நான் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். மேடம் தாளை மடித்து அஞ்சுகத்திடம் கொடுத்தார். அஞ்சுகம் அதை இடுப்பில் செருகிக்கொண்டார். மூவரும் பஸ் ஏறினோம்.

அதிகாரி ஏரிவரை பின்னாலேயே வந்தார். காவலுக்கு நின்றவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். அஞ்சுகம் குடத்தோடு தண்ணீரில் இறங்கினார்.

“நில்லும்மா! இங்க தண்ணி எடுக்க…” என்றார் அதிகாரி.

மேலே சொல்ல அவரிடம் சொல் இல்லை. அது எங்களிடம் இருந்தது.

“எடுக்கத்தான் வந்தேன்” என்று அஞ்சுகம் குடத்தை முக்கினார்.